சின்னத்திரையில் சுருங்கும் படங்கள்: ஒரு வரலாற்றுக் கணக்கு

புறநானூறு என்றால் நானூறு பாடல் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆனால் நூலைப் புரட்டிப் பார்த்தால் 267, 268 ஆகிய இரண்டு எண்களுக்கும் பாட்டு இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்து, புள்ளிகள் மட்டும் நிற்கின்றன. 1894-ல் அந்நூலை முதன்முதலாக அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், கிடைத்த பாட்டுகளை மட்டும் வரிசையாக எண்ணிட்டு ‘இவ்வளவுதான் நூல்’ என்று முடித்திருந்தால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. இல்லாததை இல்லை என்று காட்டினார். அதற்கு முன் 1887-ல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி எங்கள் சமணர் வீடுகளில் போற்றிக் காத்த காப்பியம். அதிலும் ஏட்டுக்கு ஏடு மாறிய பாடபேதங்களைத் தேடித் தொகுத்துத் தந்தார். பதிப்பு நெறி என்பது இதுதான். குறை இருக்கலாம், ஆனால் குறை இருப்பதை மறைக்கலாகாது.

இந்தப் பழைய செய்தியை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் வீடுகளில் தமிழ் பெரும்பாலும் புத்தகம் வழியாக நுழைவதில்லை. பெரியவர்கள் பேச்சு வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும்தான் நுழைகிறது. அந்தத் தொலைக்காட்சியில் வருகிற திரைப்படம் தியேட்டரில் ஓடிய அதே படமா என்று கேட்டால், பல சமயம் இல்லை என்பதே விடை. எங்கோ ஒரு கத்தரி வேலை செய்திருக்கிறது. யார் கத்தரி, எதற்காக, எவ்வளவு என்று சொல்வார் யாரும் இல்லை. அந்தக் கத்தரியின் வரலாற்றை எனக்குத் தெரிந்த மட்டும் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பேரேடு உள்ள கத்தரி

இந்தியாவில் திரைப்படத்தை வெட்டும் வழக்கம் தொலைக்காட்சிக்கு வெகு காலம் முந்தியது. 1918-ல் வெள்ளையர் ஆட்சியில் சினிமாச் சட்டம் வந்தது. 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய துறைமுக நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. விடுதலைக்குப் பின் 1952-ல் இப்போதும் நடைமுறையில் உள்ள திரைப்படச் சட்டம் பிறந்தது. ‘யு’ என்றால் எல்லோரும் பார்க்கலாம், ‘ஏ’ என்றால் வயது வந்தோர் மட்டும் பார்க்கலாம் என்று இரண்டே பிரிவு. 1983-ல் ‘யு/ஏ’, ‘எஸ்’ என்ற பிரிவுகள் சேர்ந்தன. அதே ஆண்டில் தணிக்கை வாரியம் என்ற பெயரும் சான்றளிப்பு வாரியம் என்று மாறியது.

இந்த முன்தணிக்கையே கூடாது என்று எழுத்தாளரும் இயக்குநருமான கே.ஏ. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1970-ல் தீர்ப்பு வந்தது. திரைப்படம் மனித மனத்தை மற்றக் கலைகளைவிட வேகமாகத் தொடுகிறது, ஆகவே முன்கூட்டிப் பார்த்துச் சான்று தருவது அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று நீதிமன்றம் கூறியது.

அந்தத் தணிக்கையைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாரியம் ஒரு காட்சியை நீக்கச் சொன்னால் அது சான்றிதழின் இரண்டாம் பகுதியில் எழுதப்படும். சான்று பெற்ற பிறகு படத்தில் கூட்டினாலும் குறைத்தாலும் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நம்ம கடைக்கணக்கில் சொன்னால், வரவு செலவு இரண்டும் பேரேட்டில் ஏறியாக வேண்டும். இனிமேல் நாம் பார்க்கப்போகும் கத்தரிகள் பலவற்றுக்கு, பார்க்கிறவன் புரட்டிப் பார்க்கக்கூடிய பேரேடு கிடையாது. வித்தியாசம் அங்கேதான்.

2. தூர்தர்ஷன் காலம்

தில்லியில் 1959 செப்டம்பர் 15-ல் சோதனையாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1965-ல் தினசரி ஒளிபரப்பாயிற்று. மும்பைக்கு 1972-லும் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் 1975-லும் வந்தது. 1976-ல் இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஜனவரி 1 முதல் விளம்பரம் அனுமதிக்கப்பட்டது. ஏப்ரலில் வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்ற தனித் துறையானது. 1982-ல் வண்ணமும் தேசிய ஒளிபரப்பும் வந்தன.

எண்பதுகளில் வடக்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிறு பிற்பகல் ஒரு திருநாள். மொழிக்கு ஒரு வாரம் என்று முறைவைத்து மாநிலமொழிப் படம் போடுவார்கள். தமிழின் முறை வருகிற ஞாயிறன்று, பெட்டி உள்ள வீட்டில் பெட்டி இல்லாத நாலு வீட்டுக்காரர்கள் கூடிவிடுவார்கள். கீழே ஆங்கில எழுத்து ஓடும், பக்கத்து வீட்டு பஞ்சாபியும் உட்கார்ந்து பார்ப்பார். ஞாயிறு மாலை இந்திப் படத்துக்கோ நடுவில் செய்தி வந்து குறுக்கிடும். கதாநாயகன் மலை உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பான், செய்தி முடியும் வரை அவன் தொங்கத்தான் வேண்டும். ஆனாலும் செய்தி முடிந்தால் விட்ட இடத்திலிருந்து படம் தொடர்ந்தது. குறுக்கீடு வேறு, வெட்டு வேறு.

தூர்தர்ஷனின் உண்மையான கத்தரி, ‘போடமாட்டோம்’ என்ற சொல்லில் இருந்தது. போபால் விஷவாயு விபத்தைப் பற்றிய ‘பியாண்ட் ஜெனோசைட்’ என்ற ஆவணப்படம் 1987-க்கான தேசிய விருது பெற்றது. அரசு விருது தந்த படத்தை அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்ப மறுத்தது. 1992-ல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு செல்லாது என்றது. தக்க காரணமில்லாமல் மறுப்பது பேச்சுரிமையைப் பறிப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம்.

இதற்கு மாறான நிகழ்ச்சி 1988-ல் நடந்தது. பீஷ்ம சாஹனியின் நாவலைக் கொண்டு கோவிந்த் நிஹலானி எடுத்த ‘தமஸ்’ தொடர், பிரிவினைக் கலவரத்தை அப்படியே காட்டுகிறது. இதை நிறுத்த வேண்டும் என்று வழக்கு. மும்பை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் தொடர் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்த பிறகே ஒளிபரப்பலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு படைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அதை முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற எளிய நீதியை இந்த வழக்கு நமக்குக் காட்டுகிறது.

3. கடிகாரத்தின் கத்தரி

1991-க்குப் பிறகு செயற்கைக்கோள் வழி தனியார் தொலைக்காட்சிகள் வந்தன. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி தொடங்கியது. அதுவரை முறைவைத்துக் காத்திருந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் படம் நாள்தோறும் கிடைக்கத் தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய வரம். ஆனால் வரத்தோடு கூடவே கடிகாரமும் வந்தது.

இதைக் கணக்காகவே பார்ப்போம். சினிமா பிலிம் நொடிக்கு 24 படம் வீதம் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. ஆகவே சாதாரணமாகப் படத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது நூற்றுக்கு 4 பங்கு வேகமாக ஓடவிடுவார்கள். 160 நிமிடப் படம் 153 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். இதில் ஒரு காட்சியும் போகவில்லை, நேரம்தான் சுருங்கியது. ஆனால் ஒலியைத் தனியே சரிசெய்யாவிட்டால் குரலும் பாட்டும் சற்று மேலே ஏறும். ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் ஏறும். சுருதி ஞானம் உள்ள பெரியவர்கள் ‘இந்தப் பாட்டு இந்தக் கட்டையில் இல்லையே’ என்று சொன்னால் அது வெறும் பிரமை அல்ல.

இனி விளம்பரம். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்துக்கு மேல் கூடாது. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். 2006-ல் இந்த வரம்பு விதியில் சேர்ந்தது. 2012, 2013 ஆண்டுகளில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கட்டாயப்படுத்த முயன்றபோது ஒளிபரப்பாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வரம்பை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஒரு சேனலையே எடுத்துக்கொள்வோம். படத்துக்கு ஒதுக்கிய நேரம் 3 மணி, அதாவது 180 நிமிடம். விளம்பரம் 36 நிமிடம். மிச்சம் 144 நிமிடம். படமோ 153 நிமிடம் 36 நொடி. துண்டு விழுவது 9 நிமிடம் 36 நொடி. இரண்டு பாட்டு போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய படம், 180 நிமிடம் ஓடுவது என்றால் வேகப்படுத்திய பிறகும் 172 நிமிடம் 48 நொடி வரும். அதில் துண்டு விழுவது ஏறக்குறைய 29 நிமிடம். மூன்றரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டாவது படத்துக்கும் பெரிதாக வெட்டு தேவைப்படாது. ஆகவே வெட்டு என்பது விதியின் கட்டாயம் அல்ல, நிரல் போடுகிறவரின் தேர்வு. சேனலுக்குப் படி அளக்கிறது விளம்பரம்தான் என்பது வியாபாரிக்குத் தெரியாததல்ல. அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை நிமிடம் குறைத்தோம் என்று சொல்லாததைத்தான் கேட்கிறேன்.

4. எது முதலில் போகிறது?

நேரம் போதாதபோது எதை நீக்குவார்கள்? கதை அறுந்து போகாத இடத்தைத்தான். தமிழ்ப் படத்தில் அப்படிப்பட்ட இடங்கள் மூன்று: எழுத்து ஓடும் பகுதி, பாட்டு, நகைச்சுவை.

எழுத்து போனால் போகட்டும் என்று தோன்றும். பாட்டு எழுதியவர், பின்னணி பாடியவர், வாத்தியம் வாசித்தவர், படத்தொகுப்பாளர் பெயரெல்லாம் இருப்பது அங்கேதான். தமிழ்ப் படத்தில் நகைச்சுவைக்குத் தனிக் கிளைக்கதை எழுதும் வழக்கம் என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலிருந்தே உண்டு. முக்கியக் கதையோடு ஒட்டாமல் இருப்பதால் அதை எடுப்பது எளிது. வேடிக்கை என்னவென்றால், படத்திலிருந்து எடுத்த அதே நகைச்சுவைக்கும் அதே பாட்டுக்கும் வேறு நேரத்தில் தனி நிகழ்ச்சி உண்டு. உடம்பை ஒரு கடையிலும் கை காலை இன்னொரு கடையிலும் விற்கிற மாதிரி.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தை நினைத்துப் பாருங்கள். மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் அந்தப் படத்தின் உயிர். ‘பாட்டுத்தானே’ என்று அதில் நாலு நிமிடத்தைக் குறைத்தால் கதை அறுந்து போகாது. ஆனால் கலைஞனின் செருக்கும் ஆடல்காரியின் போட்டியும் எதற்காக என்றே சிறுவர்களுக்கு விளங்காது. கதை இருக்கும், காரணம் இருக்காது.

வெட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இடைச்செருகலும் உண்டு. மூலையில் சேனலின் சின்னம், கீழே ஓடும் விளம்பரப் பட்டி, கெட்ட வார்த்தை வரும் இடத்தில் ‘பீப்’ ஒலி. 2012 அக்டோபர் முதல் புகையிலை எச்சரிக்கை விதிகள் நடைமுறைக்கு வந்தன. புகைக்கும் காட்சி வரும்போது அடியில் எச்சரிக்கை வாசகம் நிற்க வேண்டும், பழைய படங்களுக்கும் இது பொருந்தும். ‘சாந்தி’ (1965) படத்தில் சிவாஜி கணேசன் சிகரெட்டோடு நடந்து வரும் புகழ்பெற்ற பாட்டுக் காட்சிக்கும் இன்று அடியில் உரை உண்டு. உடல்நலத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. அதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. சேர்த்தது சேர்த்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டியதுதான் தெரிவதில்லை.

5. திரையின் கத்தரி

காட்சியை நீக்காமலேயே படத்தைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் தொலைக்காட்சி வந்து தியேட்டர் கூட்டம் குறைந்தபோது, வீட்டில் கிடைக்காத அகலத்தைக் காட்டி மக்களை இழுக்க 1953-ல் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தார்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘ராஜராஜ சோழன்’ (1973). சினிமாஸ்கோப்பில் திரையின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் 1.33 மடங்குதான்.

இதைப் பெட்டியில் காட்ட இரண்டு வழி. மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் சிறிதாகக் காட்டலாம். அல்லது பெட்டி நிறையக் காட்டி, இரு பக்கத்தையும் வெட்டலாம். இரண்டாவது வழியில் படத்தின் அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். ராஜசபையில் ஒரு ஓரத்தில் மன்னரும் மறு ஓரத்தில் மந்திரியும் நின்று பேசினால், பெட்டியில் ஒருவர் முகம்தான் தெரியும், மற்றவர் அசரீரி. இன்றைய அகலப் பெட்டியில் விகிதம் 1.78. அதிலும் நிறைத்துக் காட்டினால் 24 பங்கு போகும். ‘கருப்புப் பட்டை வருதே, பெட்டி கெட்டுப் போச்சா’ என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. பட்டை வந்தால் படம் முழுசாக இருக்கிறது என்று மகிழ்ச்சியடைய வேண்டும்.

6. நீதிமன்றம் கொடுத்த கத்தரி

மும்பைக் கல்லூரி ஆசிரியை ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2005 டிசம்பரிலும் அதைத் தொடர்ந்து 2006-லும் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவுகள் பிறப்பித்தது. ‘ஏ’ சான்று பெற்ற படங்களைத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது, ‘யு’ அல்லது ‘யு/ஏ’ சான்று வேண்டும் என்பது அதன் விளைவு. 2006 ஆகஸ்டில் மும்பையில் பல ஆங்கிலப் பட சேனல்கள் சில நாள் இருண்டு கிடந்தன. அதே 2006 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேறொரு தீர்ப்புத் தந்தது. ஆனந்த் பட்வர்தனின் ‘பிதா, புத்ர் அவுர் தர்மயுத்’ (1995) என்ற ஆவணப்படத்தில் முதல் பகுதிக்கு ‘யு’, இரண்டாம் பகுதிக்கு ‘ஏ’. அதைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியே ஆக வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஒரே மாதத்தில் இரண்டு போக்கு.

வீட்டுக் கூடத்தில் குழந்தையும் பாட்டியும் சேர்ந்து பார்க்கும் பெட்டி அது. வயது வந்தோர் படத்தை அப்படியே காட்ட வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் நடந்தது என்ன? ‘ஏ’ படத்தை உரிமையாளரே வெட்டி, மறுபடி வாரியத்திடம் கொண்டுபோய் ‘யு/ஏ’ வாங்கும் வழக்கம் வேரூன்றியது. ஒரே பெயரில் தியேட்டருக்கு ஒரு படம், வீட்டுக்கு ஒரு படம். 2023-ல் திரைப்படச் சட்டத் திருத்தம் இதை முறைப்படுத்தியது. ‘ஏ’ படத்துக்குத் தொலைக்காட்சிக்கெனத் தனிச் சான்று தரும் அதிகாரம் வாரியத்துக்கு வந்தது. ‘யு/ஏ’ என்ற ஒரே பிரிவும் 7, 13, 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிந்தது. ஒரு படத்துக்கு இரண்டு பாடம் உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று இதைக் கொள்ளலாம்.

நம் அக்கம்பக்கத்தார் பார்ப்பது மூன்றாவது பாடம். தமிழ்ப் படங்களை இந்தியில் பேசவைத்து, பெயரையும் மாற்றி வட இந்திய சேனல்கள் காட்டுகின்றன. ‘அந்நியன்’ (2005) அங்கே ‘அபரிசித்’. நம் படத்தைப் பற்றி அவர்கள் சொல்லும் அபிப்பிராயம் எந்தப் பாடத்தைப் பார்த்து வந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

7. படத்துக்கு ஆசிரியர் யார்?

வெட்டியதைக் கேட்கும் உரிமை யாருக்கு? இதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு வழிகாட்டி. பிரிட்டனில் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘மான்டி பைத்தான்’ நகைச்சுவைத் தொடரின் மூன்று பகுதிகளை, 1975 அக்டோபரில் ஏ.பி.சி. என்ற அமெரிக்க நிறுவனம் 90 நிமிட நேரத்தில் காட்டியது. விளம்பரத்துக்கும் பண்பாட்டுக்கும் என்று 24 நிமிடத்தை வெட்டிவிட்டது. எழுதிய கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 1976-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. இப்படிச் சிதைத்ததை அவர்கள் பெயரிலேயே காட்டுவது அவர்கள் செய்யாததை அவர்கள் தலையில் கட்டுவதாகும் என்று கருதி, மேற்கொண்டு ஒளிபரப்பத் தடை விதித்தது.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்து ஆசிரியரின் மதிப்பைக் கெடுத்தால் அவர் வழக்குத் தொடரலாம் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அதே சட்டம் திரைப்படத்துக்கு ஆசிரியர் தயாரிப்பாளர் என்று சொல்கிறது. ஒளிபரப்பு உரிமையை விற்பவரும் பெரும்பாலும் அவரே. விற்றவரே போய் ‘வெட்டாதே’ என்று கேட்பாரா? இயக்கியவர் கேட்கலாம் என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் ஆசிரியர் அல்லர்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 ஆகஸ்டில் பார்த்தோம். தனுஷ் நடித்த ‘ராஞ்ஜணா’ (2013) படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’யை, உரிமை பெற்ற நிறுவனம் செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றித் தியேட்டரில் மறுவெளியீடு செய்தது. சாகிற நாயகன் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அது தொலைக்காட்சி அல்ல, தியேட்டர். ஆனாலும் வெட்டுவதற்கு யாரும் கேட்காத பழக்கம், மாற்றி எழுதுவதற்கும் யாரையும் கேட்க வேண்டாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. இந்த ஒரு படத்தில் அவர்களே மாற்றத்தை விளம்பரம் செய்ததால் உலகுக்குத் தெரிந்தது. விளம்பரம் செய்யாமல் மாற்றினால் என்ன ஆகும்?

8. நிகர எடை

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று எங்கும் கிடைக்கவில்லை. புனேயில் 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைவதற்கு முன்பே எத்தனையோ படங்கள் அழிந்தன. 2003-ல் அங்கே நடந்த தீ விபத்தில் இன்னும் பல போயின. நெகட்டிவ் அழிந்தால் மிஞ்சுவது வீடியோப் பிரதி. அது ஒளிபரப்புக்காக வெட்டிய பிரதி என்றால், நாளைய ஆராய்ச்சியாளனுக்கு அதுவே மூலம். சுவடியில் செல்லரித்த இடம் கண்ணுக்குத் தெரியும். வீடியோவில் வெட்டிய இடம் ஒட்டுப்போட்ட தடமே தெரியாமல் ஓடும்.

அதற்கு முன்பே நம் வீட்டில் ஒரு நஷ்டம் நடக்கிறது. அப்பா ஊரில் கொட்டகையில் பார்த்த படமும், பிள்ளை இங்கே கூடத்தில் பார்த்த படமும் பெயரளவில்தான் ஒன்று. ‘அந்தக் காட்சியில் அவர் பேசுவாரே’ என்று அப்பா சொல்லும்போது பிள்ளை விழிக்கிறது. பெரியவருக்கு ஞாபக மறதி என்று அது எண்ணிக்கொள்கிறது. தவறு பெரியவரிடமும் இல்லை, பிள்ளையிடமும் இல்லை.

நாம் கேட்க வேண்டியது சின்ன விஷயம்தான். அரைக்கிலோ பருப்பைப் பொட்டலம் கட்டி விற்றால் மேலே நிகர எடை அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1977 முதல் இந்த விதி உண்டு, 2011-ல் புதுப்பித்தார்கள். எங்கள் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை என்ற விரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. அவற்றுள் அளவிலும் எடையிலும் ஏய்ப்பது ஒன்று, போலிப் பொருளை அசல் என்று விற்பது ஒன்று. பருப்புக்கு உள்ள நீதி படத்துக்கு வேண்டாமா? படம் தொடங்கும்போது, ‘மூலப் படம் 160 நிமிடம், இன்று ஒளிபரப்பாவது 144 நிமிடம்’ என்று ஒரு வரி போட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அது வரும் வரைக்கும் நாமே எடைபோட ஒரு வழி சொல்கிறேன். பிலிம் காலத்துப் படங்களின் தொடக்கத்தில் காட்டும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 27.43 மீட்டர் ஓடும். நீளத்தை 27.43-ஆல் வகுத்தால் படத்தின் நிமிடம். 4,389 மீட்டர் என்றால் 160 நிமிடம். அதை 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் தொலைக்காட்சியில் ஓட வேண்டிய நேரம். விளம்பரம் நீக்கிக் கடிகாரத்தில் பார்த்த நேரத்தை அதிலிருந்து கழித்தால் வெட்டு எவ்வளவு என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல கணக்குப் பயிற்சியும் ஆயிற்று.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மும்பை மாட்டுங்காவில் அரோரா தியேட்டர் தென்னிந்தியப் படங்களைத் திரையிட்டு வந்ததை அங்கே வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த மாதிரிக் கொட்டகைகள் குறைந்துவிட்ட இந்நாளில், சங்க நூலகங்கள் நல்ல தமிழ்ப் படங்களின் வெட்டில்லாத பிரதிகளை முறையாக விலைகொடுத்து வாங்கி வைக்கலாம். மாதம் ஒரு ஞாயிறு, எழுத்து ஓடுவதிலிருந்து ‘வணக்கம்’ வரை முழுப் படம், பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கலாம். படம் முடிந்ததும், தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகளைக் கேளுங்கள், ‘இதில் எது புதுசாக இருந்தது?’ என்று. அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புறநானூற்றின் காலி எண்களைப்போல, இல்லாதது எது என்று அந்த நோட்டாவது சொல்லட்டும்.